யாரைப் பற்றிச் சொன்னது

கண்டி
08.01.2024

சோழகத்திலும் கைவிடாதவர் துணை.

அன்புள்ள யூலியானா மாமிக்கு,

நான் நலம். உங்கள் நலத்தையும், முழங்கால் வலி எப்படியென்பதையும், குட்டி போட்ட ஆட்டின் நலத்தையும் அறிய ஆவல். நத்தார்ப் பண்டிகைக்கு நெடுந்தீவு வர முடியவில்லை, கோபிக்க வேண்டாம். மன்னாருக்கு அப்பாவிடம் போனேன். அம்மா இல்லாத நான்காவது நத்தார். அப்பா பலகாரத் தட்டை மேசையில் வைத்துவிட்டு அம்மாவின் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றப்படி சுகம். ஞாயிறுகளில் இன்னும் மறைக்கல்வி படிப்பிக்கிறார். உங்கள் தம்பி அல்லவா, ஓய்ந்திருக்கத் தெரியாது.

மாமி, உங்களிடம் ஒரு உதவி. என் ஆய்வுக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது. பொல்லாதவர்களைச் சொல்ல நாங்கள் எந்தெந்தச் சொற்களை எடுக்கிறோம் என்பதுதான். தீவுப்பகுதி ஆட்களின் வாயில் என்ன, பெட்டிசத்தில் என்ன, என்னைப்போலப் பத்திரிகையில் திறனாய்வு எழுதுகிறவர்களின் பேனையில் என்ன. என் பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். 'வக்கிரம்', 'நச்சு', 'கொடூரம்' என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

இத்துடன் அந்தக் கட்டுரைகளும், 'பாதகி' என்று உதாரணம் எழுதிய ஒரு மாதிரியும், ஐம்பது அட்டையும் வருகின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று கோடு. சொல். சொன்னவர். யாரைப் பற்றி. மூன்றும் நிரம்பாத அட்டையை என் பேராசிரியர் தொடவே மாட்டார். முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்த உங்களுக்குப் படிவம் நிரப்பச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதக் கஷ்டமென்றால் போனில் சொல்லுங்கள்.

அன்பு முத்தங்களுடன்,
மருமகள் லோஜனா


நெடுந்தீவு
29.01.2024

சோழகத்திலும் கைவிடாதவர் துணை.

என் அன்பு மகள் லோஜனாவுக்கு,

மாமி எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். முழங்கால் அதன்பாட்டில் இருக்கிறது. ஆடும் இரண்டு குட்டிகளும் சுகம், அதுகளால் எனக்குத்தான் சுகமில்லை.

போனில் கேளாதே பிள்ளை. இந்த வயதில் அந்தச் சொற்களை வாயால் சொன்னால் பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சுவாமிக்கும் சொல்ல வேண்டும். அவர் சின்னப் பெடியன், சிரித்துவிடுவார். எழுதினால் பரவாயில்லை.

முதல் அட்டை. சொல்: கோதாரி விழுந்தது. சொன்னவர்: பக்கத்து வளவுச் செல்லாச்சி. யாரைப் பற்றி: வெண்டிக்கன்று தின்ற என் ஆட்டைப் பற்றி. இதைச் சொல்லி வேலியில் நின்று கத்தியவள், மறுநாள் காலை குட்டிகளைப் பார்க்க வந்து மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். இரண்டாவது. சொல்: நாசமறுப்பான். சொன்னவர்: படகுக்கு நின்ற சனம் முழுக்க. யாரைப் பற்றி: காற்றைப் பற்றி. மூன்றாவது. சொல்: மூதேசி. சொன்னவர்: நான். யாரைப் பற்றி: சோற்றை அடிப்பிடிக்க விட்ட என்னைப் பற்றி. இன்னும் பத்தொன்பது அட்டை உள்ளே இருக்கிறது, எண்ணிப் பார்.

நீ அனுப்பிய கட்டுரைகளும் வாசித்தேன். எழுத்தெல்லாம் நல்ல எழுத்து. ஆனால் நீங்கள் ஏசுகிற ஆட்களை நீங்கள் கண்ணால் கண்டதில்லை. நாங்கள் ஏசினால் பின்னேரம் அவளிடமே தீப்பெட்டி வாங்கப் போக வேண்டும். அதனால் ஒரு அளவோடுதான் ஏசுவோம்.

மாதிரி அட்டையில் 'பாதகி' என்று ஒரு சொல்லை உதாரணத்துக்கு எழுதியிருந்தாய். அதற்கு அட்டை நிரப்பவில்லை. இங்கே அதை ஒருவரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. அது கூத்திலும் கடதாசியிலும் வருகிற சொல்.

தம்பியைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

அன்புள்ள மாமி,
யூலியானா


கண்டி
20.02.2024

சோழகத்திலும் கைவிடாதவர் துணை.

அன்புள்ள மாமிக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் அட்டைகளைப் பார்த்துப் பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். காற்றை ஏசிய அட்டையைத் தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார்.

இப்போது ஒரு புதையல். ஊர்காவற்துறைப் பக்கத்துக் கோயில் ஒன்றில் பழைய கடதாசிகளை ஒழுங்குபடுத்துகிறவர் அன்ரனிதாஸ் அண்ணை. அவர் பெயர் போடாத ஒரு மொட்டைப் பெட்டிசத்தைப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறார். 1988 சித்திரையில் வந்தது. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய ஒரு கலியாண அறிவித்தலைக் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்துவிட்டார்கள். மூன்றாம் ஞாயிற்றுக்கு முன்பு சுவாமியாருக்கு இந்தக் கடிதம் வந்திருக்கிறது. மூன்றாம் ஞாயிறு வாசிக்கவில்லை. கலியாணமும் நடக்கவில்லை. ஆட்களின் பெயர்களையும் கடிதத்தின் தொடக்கத்தையும் அன்ரனிதாஸ் அண்ணை விட்டுவிட்டார். "சுகம் விசாரிக்கிற பகுதி உங்கடை ஆய்வுக்குத் தேவைப்படாது தங்கச்சி" என்றார்.

கொஞ்சம் எழுதுகிறேன், பாருங்கள்: "இந்தப் பாதகி வெள்ளை உடுத்துப் பீடத்தின் முன் நிற்பாளாயின் அது ஆலயத்துக்கே இழுக்கு. இவளது வலது முழங்காலுக்கு மேலுள்ள தீக்காயத் தழும்பை அறிந்த ஆண்கள் உண்டென்றால் இவளது நடத்தையை நாம் விளக்கவும் வேண்டுமோ?"

என்ன நிதானம்! ஒரு இடத்தில்கூட அடித்து எழுதவில்லையாம். இதை ஒரு பெண்தான் எழுதியிருக்கிறாள் என்று எனக்குப் படுகிறது. இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன். அந்தக் காலத்தில் இப்படிக் கடிதம் போவது வழக்கமா? உங்கள் தபால் கந்தோரில் கண்டிருப்பீர்களே?

பதிலை ஆவலோடு எதிர்பார்க்கும்,
லோஜனா


நெடுந்தீவு
05.04.2024

சோழகத்திலும் கைவிடாதவர் துணை.

அன்பு மகளுக்கு,

சுகம். பதில் பிந்திவிட்டது. இங்கே காற்று. படகு ஓடவில்லை. கண்ணும் சரியில்லை.

அந்தக் கடிதத்தை விட்டுவிடு. எந்தக் காலத்துக் கதையோ. எழுதினவரும் செத்திருப்பார், எழுதப்பட்டவளும் எங்கேயாவது பிள்ளை குட்டியோடு இருப்பாள். ஆட்டையும் காற்றையும் பற்றி எழுது. அதுதான் உனக்கு நன்றாக வருகிறது.

அட்டை முடிந்துவிட்டது. இனி அனுப்ப வேண்டாம்.

மாமி


கண்டி
22.04.2024

சோழகத்திலும் கைவிடாதவர் துணை.

அன்புள்ள மாமிக்கு,

நலம். உங்கள் கண்ணை நினைத்துக் கவலையாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வைத்தியரிடம் காட்டுங்கள், நான் வந்து கூட்டிப்போகிறேன். ஆனால் மாமி, மாசியிலும் பங்குனியிலும் என்ன காற்று? சோழகக் காற்று தொடங்க இன்னும் நாளிருக்கிறதே. ஐம்பது அட்டையில் இருபத்தெட்டு உங்களிடம் இன்னும் இருக்குமே. என்னோடு ஏதும் கோபமா?

நீங்கள் விடச் சொன்ன கடிதம் வரமுன்பே கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. சஞ்சிகையை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினாறாம் பக்கம். நான் நயமாக எழுதவில்லை. "கொடியவள் என்ற சொல் இவளுக்குப் போதாது. கத்தி எடுத்தவனுக்கும் கை நடுங்கும். இவளுக்கு நடுங்கவில்லை. சுவாமியாரின் மேசைக்கு நஞ்சை உறையிலிட்டு அனுப்பிவிட்டு இவள் ஞாயிறு பூசையில் நற்கருணையும் வாங்கியிருப்பாள்" என்று எழுதியிருக்கிறேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். அப்பாவும் வாசித்துவிட்டுப் போன் எடுத்தார். கண்டியில் மழையா என்று கேட்டார். பிறகு, "அந்தப் பாதகியை நல்லாக் கேட்டிருக்கிறாய் பிள்ளை. பொல்லாப்பைப் பொல்லாப்பெண்டு சொல்லத்தான் வேணும்" என்றார். அப்பா இப்படி வாய்விட்டுப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை.

இன்னொன்று. அந்தப் பெண் இருக்கிறாவாம். கலியாணமே முடிக்கவில்லையாம். கோயிலடியில் சின்னக் கடை வைத்திருக்கிறாவாம்.

அன்புடன்,
லோஜனா


நெடுந்தீவு
30.05.2024

சோழகத்திலும் கைவிடாதவர் துணை.

மகளுக்கு,

சுகம். கட்டுரை வாசித்தேன். மூன்று தரம் வாசித்தேன். நீ எழுதியது அவளுக்குத் தகும். நற்கருணை வாங்கியிருப்பாள் என்று எழுதியிருக்கிறாய், அது எப்படித்தான் உனக்குத் தெரிந்ததோ.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். தம்பி அந்தச் சொல்லையா சொன்னவர்? பாதகி என்றா? நீ வேறு ஏதும் சொல்லைக் கேட்டு மாற்றி எழுதினாயா? யோசித்து எழுது.

அந்தப் பெண்பிள்ளை கலியாணம் முடிக்கவில்லையென்று நான் அறியவில்லை. அவளை ஒரேயொரு தரம் கண்டனான், சம்பந்தம் பேசப் போன அன்று. தேத்தண்ணித் தட்டத்தைப் பிடித்தபடி நின்றாள். மஞ்சள் சேலை. எங்களுக்குள் நாலு சொல்கூடப் பேச்சில்லை.

மாமி


கண்டி
24.06.2024

மாமிக்கு,

சுகம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை. தலைப்பில் அந்த வரியையும் எழுத முடியவில்லை. ஏனென்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

நான் பெயரே எழுதாத ஒரு பெண்ணை நீங்கள் எப்படிக் கண்டீர்கள்? உங்கள் கடிதம் வந்த அன்று அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கட்டுரையின் இரண்டாம் பகுதிக்காக அன்ரனிதாஸ் அண்ணையிடம் முழுக் கடிதத்தையும் கேட்டிருந்தேன். நேற்று வந்தது. பெயர்களோடு வந்தது. தொடக்கத்தோடும் வந்தது.

"சோழகத்திலும் கைவிடாதவர் துணை. சங்கைக்குரிய சுவாமிக்கு, தேவரீர் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடி எழுதிக்கொள்வது."

மாமி, இந்த வரியை உலகத்தில் யார் எழுதுவார்கள்? கடலுக்குப் போகமுன்பு உங்கள் அப்பு, என் அப்பப்பா, சொன்ன செபம் இது. எங்கள் வீட்டுக் கடிதங்களைத் தவிர வேறெங்கும் நான் கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து நான் எழுதிய முதல் கடிதத்தில்கூட அப்பா இதைத்தான் முதலில் எழுத வைத்தார்.

பெண்: கிறேஸ். மாப்பிள்ளை: கிறிஸ்தோப்பர், நெடுந்தீவு. என் அப்பா! அப்பாவுக்கு அம்மாவுக்கு முன்பு ஒரு கலியாணம் பேசி, கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தார்கள் என்று இந்த முப்பத்து நாலு வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அச்சடித்த என் கட்டுரையை மேசையில் பார்க்கப் பயமாக இருக்கிறது. நான் யாரை ஏசினேன்?

நீங்களா எழுதினீர்கள்? ஓம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதுங்கள்.

லோஜனா


நெடுந்தீவு
01.08.2024

மகளுக்கு,

ஓம்.

எழுதினது நான். எழுத்துத் தெரியாமல் இருக்க இடது கையால் ஒரு கிழமை பழகி எழுதினேன். கந்தோரில் முத்திரையை நானே குத்தினேன், ஊர்ப்பெயர் தெரியாதபடிக்கு மையைக் கூடுதலாக ஒற்றி. அவ்வளவு கவனமாகச் செய்தவளுக்கு அந்த முதல் வரி கண்ணில் படவில்லை. சுகம் விசாரிக்காமல் ஒரு சுவாமியாருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது? பெயரை விட்டேன், மரியாதையை விட மனம் வரவில்லை. புதுச் சுவாமியார், எங்கள் தீவு ஆள் இல்லை, அவருக்கு அந்த வரி பிடிபடவில்லை. உனக்குப் பிடிபட்டது.

நீ எழுதியதில் ஒன்று பிழை. எனக்குக் கை நடுங்கியது.

ஏனென்று கேட்பாய். அந்தச் சம்பந்தம் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். உன் அப்பாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. திரும்பவும் எழுதுகிறேன், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரிடம் கேட்டு அந்த மனுசனின் மனதை உடைக்காதே. பெண்சாதியைப் பறிகொடுத்து இருக்கிறார்.

ஆறு சுவாமிமாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். ஆறு பேரும் மன்னித்தார்கள். ஊர்காவற்துறைக்கு மட்டும் போகவில்லை. இந்தக் கரையில் படகேறி அந்தக் கரையில் பஸ் எடுத்தால் அரை நாள் பயணம். முப்பத்தாறு வருடம் போகவில்லை.

இனி நீ எனக்கு எழுதாவிட்டாலும் நான் குறை நினைக்க மாட்டேன்.

யூலியானா


கண்டி
19.08.2024

மாமிக்கு,

எழுதாமல் இருக்க நினைத்தேன், முடியவில்லை. கோபம் வருகிறது, அழுகை வருகிறது, பிறகு உங்கள் அட்டைகளை எடுத்து வாசித்துச் சிரிக்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அந்தக் கடிதம் போயிராவிட்டால் மூன்றாம் ஞாயிறும் வாசித்திருப்பார்கள். நான் பிறந்திருக்க மாட்டேன். அதற்கு நன்றி சொல்வதா?

கட்டுரையின் இரண்டாம் பகுதியை நிறுத்திவிட்டேன்.

ஆனால் ஒன்று கேட்காமல் இருக்க முடியாது. கிறேஸ் அன்ரியை ஒரேயொரு தரம் கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். சேலை கட்டி, தேத்தண்ணித் தட்டத்தோடு. நாலு சொல்கூடப் பேசவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் முழங்காலுக்கு மேலே இருந்த தழும்பு உங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும். பாதகி என்ற சொல்லை அங்கே ஒருவரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை என்று தை மாதம் எழுதினீர்கள். உங்கள் இருபத்திரண்டு அட்டையிலும் அது இல்லை. பெட்டிசத்தில் ஐந்து இடத்தில் இருக்கிறது. அது உங்கள் சொல் இல்லை மாமி.

அம்மாவும் அப்பாவும் ஆசிரிய கலாசாலையில் சந்தித்தது 1987இல். அம்மாவே எனக்குச் சொன்னா. கிறேஸ் அன்ரிக்குக் கலியாணம் பேசியது அதற்குப் பிறகு. மாப்பிள்ளையாக நின்று கலியாணத்தைக் குழப்பினால் ஊர் மாப்பிள்ளையைத்தான் ஏசும். பெண்ணில் பிழையென்று ஒரு கடிதம் வந்தால் ஏசாது.

யார் சொல்ல நீங்கள் எழுதினீர்கள்?

லோஜனா


நெடுந்தீவு
05.10.2024

சோழகத்திலும் கைவிடாதவர் துணை.

மகளுக்கு,

சுகம். நீயும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். இந்த வரியை எழுத எனக்கு உரிமையில்லை என்று நீ நினைக்கலாம். ஆனாலும் எழுதுகிறேன்.

போன வியாழன் ஊர்காவற்துறைக்குப் போனேன். மடத்துவெளியில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் என் கூடையைத் தன் மடியில் வாங்கி வைத்திருந்தாள், அதைக் கேட்டு வாங்க வெட்கமாக இருந்தபடியால் இருந்துவிட்டேன்.

கடையை உடனே கண்டுபிடித்தேன். கிறேஸ் பிள்ளைகளுக்கு இனிப்பு எடுத்துக்கொடுத்துக்கொண்டு நின்றாள். தலை முழுக்க நரை. நான் யாரென்று சொன்னேன். வந்த காரியத்தையும் நின்றபடியே சொன்னேன், இருந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். அவள் கத்தவில்லை. கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அந்தக் கடிதத்தைச் சுவாமி எனக்கு வாசிச்சுக் காட்டினவர்" என்றாள். "அந்தத் தழும்பு சின்ன வயசிலை விளக்குச் சரிஞ்சு சுட்டது. மறைச்சுக் கலியாணம் முடிக்கக் கூடாதெண்டு முதலே ஒராளுக்குச் சொன்னனான். ஒரேயொராளுக்குத்தான். ஒண்டும் இல்லை கிறேஸ், அது பெரிய விசயமே எண்டு சிரிச்சவர்."

அந்த ஒராள் யாரென்று நான் கேட்கவில்லை.

பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். குடிக்காமல் கையில் வைத்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எழுதினது நீர். சொல்லித் தந்தது ஆர்?" என்றாள்.

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு பிள்ளை சாமான் கேட்டுக் கூப்பிட்டது.

"சரி, குடியும், ஆறுது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள்.

நீ கேட்டதற்கும் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான் மகளே. எங்கள் அம்மா செத்தபோது தம்பிக்கு ஒன்பது வயது. நான்தான் வளர்த்தேன். இதற்கு மேலே என்னால் ஏலாது.

மாமி


கண்டி
21.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமில்லை. நீங்கள் சுகமா என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மாமியின் கடிதங்கள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். திகதிப்படி வாசியுங்கள். மாமி உங்கள் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. கிறேஸ் அன்ரி நேரே கேட்டும் சொல்லவில்லை. நான் கேட்டும் சொல்லவில்லை. நான் அச்சில் ஏசிய ஏச்சையெல்லாம் தான் ஒருத்தியாக வாங்கிக்கொண்டு, உங்கள் மனதை உடைக்காதே என்று எனக்குப் புத்தி சொல்கிறா.

சித்திரையில் நீங்கள் போன் எடுத்துப் புகழ்ந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? அன்று அந்தச் சொல்லை உங்கள் வாயால் கேட்டதும் அட்டையில் எழுதி வைத்தேன், ஆய்வுக்கு உதவுமென்று. பத்து மாதமாக இருநூறு அட்டை சேர்த்திருக்கிறேன். இருநூறிலும் உங்களுக்கு எழுத ஒரு சொல்லை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. யாரோ ஒருத்தி என்று நினைத்தபோது ஒரு பக்கம் நிறைய எழுதினவள் நான்.

அந்த அட்டையை அனுப்புகிறேன். சொல்: பாதகி. சொன்னவர்: கிறிஸ்தோப்பர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், மன்னார். மூன்றாவது கோட்டை நான் நிரப்பவில்லை. முப்பத்தாறு வருடத்துக்கு முன்பு யாரைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தீர்கள், இந்தச் சித்திரையில் யாரைப் பற்றிச் சொன்னீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நிரப்பி எனக்கு அனுப்ப வேண்டாம். ஊர்காவற்துறைக்கு அனுப்புங்கள். விலாசம் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் மகள்,
லோஜனா